இரண்டு தலையும் ஒரு பந்தும்

ஜூன் 9, திங்கள்

எங்கள் வேலையில் ஒரு பரிசோதனைத் தாள் உண்டு. இருபத்திரண்டு கட்டம். கதவு திறக்கிறதா, டிக். மூடுகிறதா, டிக். மணி அடிக்கிறதா, டிக். பதினாறு வருஷமாக லிப்ட் பழுதுபார்த்ததில், கட்டம் போட்ட தாள் எது கண்ணில் பட்டாலும் என் கை மேலிருந்து கீழே தானாக டிக் அடித்துக்கொண்டே போய்க் கையெழுத்தில்தான் நிற்கும்.

போன வாரம் மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த தாளிலும் அதுதான் நடந்திருக்கிறது. 'பெற்றோர் எந்தெந்தப் பணிகளில் உதவ விரும்புகிறீர்கள்?' ஆறு கட்டம். ஆறிலும் டிக்!

இன்று பதில் வந்துவிட்டது. பெஞ்சுக்கு வண்ணம் அடிப்பது, ஆண்டு விழாவில் திரை இழுப்பது எல்லாம் வருஷக் கடைசியில்தான். உடனே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, பெற்றோர் கால்பந்து அணி. ஆசிரியர்களுக்கு எதிராக இரண்டு சனிக்கிழமை, இரண்டு ஆட்டம். கோல் கீப்பர் இடம் காலியாம். இன்னொன்று, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரை உட்கார வைத்து ஒரு கட்டுரையை வாசிக்க வைத்து, பேச வைக்க வேண்டும். மூன்று வியாழக்கிழமை.

நானா? வாசிப்பா? நான் பத்தாவது. அதுவும் இரண்டாவது முயற்சியில்.

மனைவியின் சலூனுக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். முடி வெட்ட உட்கார்ந்திருந்த அம்மாவும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"அந்த எட்டுப் பேர்ல நானும் ஒருத்தி, தெரியுமா உங்களுக்கு?"

"அடடே, நல்லதாப் போச்சு!"

"என்ன நல்லது? அங்க வந்து என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. நானும் உங்களை அப்பான்னு கூப்பிட மாட்டேன். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். இதற்கு மட்டும் கட்டம் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

கட்டுரை வந்தது. ஐந்து பக்கம். 'விளையாட்டில் மூளை அதிர்வு: கண்ணுக்குத் தெரியாத அடி.' முதல் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் வேறு வேறு கட்டுரை மாதிரி இருந்தது.

ஜூன் 12, வியாழன்

முதல் வகுப்பு. கால் தரையில் பாவவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மொழி ஆசிரியை என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றே கேள்வி. எழுதியவர் என்ன சொல்கிறார்? எதை வைத்துச் சொல்கிறார்? நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா? "விடையை நீங்க சொல்லிடாதீங்க, அவ்வளவுதான்" என்றார். அந்தக் கவலையே அவருக்கு வேண்டாம். எனக்கு விடை தெரிந்தால்தானே?

முதல் பத்தியை நானே வாசித்தேன். ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி. கடைசி பெஞ்சுப் பையன் கையைத் தூக்கி, "சார், நடுவுல மூச்சு விடலாம் சார்" என்றான். எட்டுப் பேரும் சிரித்தார்கள். மகள் தரையைப் பார்த்தபடி சிரித்தாள்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தில் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். 'வேகமாக அசையும் தலை சட்டென்று நிற்கும்போது, மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளை உடனே நிற்பதில்லை.' யாருக்கும் புரியவில்லை, எனக்கும் சேர்த்து. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"லிப்ட் போய்க்கிட்டே இருக்கும்போது சட்டுன்னு நின்னா என்ன ஆகும்?"

"பெட்டி நின்னுடும் சார்."

"உள்ள இருக்கிற ஆள்?"

"குலுங்கிப் போயிடுவான்."

"நான் வெளியில நின்னு பார்க்கறேன். பெட்டியில ஒரு கீறலாவது இருக்குமா?"

அப்போது ஒரு பெண் எழுந்தாள். எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பாள். வக்கீல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். "அப்ப ரத்தம் வரலை, அதனால ஒண்ணுமில்லன்னு சொல்றது தப்பு. அடி உள்ள இருக்கிற ஆளுக்கு."

"அதைத்தாம்மா எழுதியிருக்கார்!" என்று நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். சாக்பீஸ் டப்பா கவிழ்ந்தது.

திரும்பி வரும்போது மகள் வாய் திறக்கவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும், "பரவாயில்ல" என்றாள். ஒரே ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு ஒரு மாசம் ஓட்டிவிடுவேன்.

ஜூன் 14, சனி

ஜெயித்தோம்! ஒன்றுக்கு பூஜ்யம்! ஆசிரியர்கள் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

கோல் கீப்பர் கையுறை எனக்கு ஒரு அளவு பெரிது. இருந்தும் நான்கு பந்து பிடித்தேன். நான்காவதில்தான் விஷயம். விளையாட்டு மாஸ்டர் தலையால் முட்ட எம்பினார், நானும் எம்பினேன், நடுவானில் தலையும் தலையும் டமார். விழுந்தேன். பந்தை மட்டும் விடவில்லை! கண்ணுக்குள் வெள்ளைப் பொட்டுகள் பறந்தன. "ஒண்ணுமில்லையே சார்?" என்றார் மாஸ்டர். "எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்கு?" என்றேன். "நமக்கென்ன சார், இரும்பு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். மைதானமே கை தட்டியது. அப்புறம் எங்கள் அணியின் பேக்கரிக்காரர் கோல் போட்டார்.

மகள் கூட்டத்தில் நின்று பக்கத்துப் பெண்ணிடம் என்னைக் காட்டி, "அவர் எங்க அப்பா" என்றாள். என் காதால் கேட்டேன்.

ஜூன் 14, சனி

ஜெயித்தோம்! ஒன்றுக்கு பூஜ்யம்! ஆசிரியர்கள் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே. கையுறை ஒரு அளவு பெரிது. நான்கு பந்து பிடித்தேன். விளையாட்டு மாஸ்டரும் நானும் தலையோடு தலை டமார். பந்தை விடவில்லை. அப்புறம் பஸ் ஓட்டுநர் கோல் போட்டார். மகள் "அவர் எங்க அப்பா" என்றாள். உடனே எழுதி வைக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தலைவலி. நேற்று வெயில் அதிகம்.

மனைவி நாள் முழுக்க ஊரார் தலையைப் பிடித்துப் பார்ப்பவள். நேற்று சலூனில் கூட்டம் என்று ஆட்டத்துக்கு வரவில்லை. இன்று காலையில் காபி கொடுக்கும்போதே கை என் உச்சிக்குப் போய்விட்டது.

"இது என்ன, மண்டை மேல இன்னொரு மண்டை?"

"லிப்ட் கதவு இடிச்சிருச்சு."

"கதவு பக்கவாட்டுலதானே மூடும்? உச்சில எப்படி இடிக்கும்?"

"குனிஞ்சிருந்தேன்."

நம்பவில்லை. நம்பாததைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கே தலை இன்னும் கொஞ்சம் வலித்தது.

ஜூன் 16, திங்கள்

இன்று என் ஸ்பேனர் பை தனியாக ஊர் சுற்றியது. ஒன்பது மாடிக் கட்டடம். பையை லிப்டுக்குள் வைத்துவிட்டு நான் மட்டும் வெளியே வந்து கதவைச் சாத்தியிருக்கிறேன். யாரோ மேலே கூப்பிட, பை போய்விட்டது. நான் படியேறித் துரத்த, அது இறங்க, நான் இறங்க, அது ஏற. ஐந்தாம் மாடிப் பெரியவர், "தம்பி, உங்க பையை மூணு தடவை பார்த்துட்டேன், எங்க போகணும்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது" என்றார். சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது படிக்கட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தது.

வயசாகிறது, வேறென்ன.

ஜூன் 18, புதன்

நாளைய வகுப்புக்கு மூன்றாம் பக்கம் தயார் செய்தேன். அறிகுறிகள் பட்டியல்.

தலைவலி — யாருக்கு வராது? தலைசுற்றல் — ஒன்பது மாடி ஏறி இறங்கினால் சுற்றாதா? வெளிச்சம் கண்ணைக் குத்துவது — நம் வீட்டு டியூப்லைட் எப்போதுமே அப்படித்தான். மறதி — நான் மறப்பேனா? கல்யாண நாளை மட்டும்தான். எரிச்சல் — இந்தப் பட்டியலைப் படித்தால் யாருக்கும் எரிச்சல் வரும்!

சரி. உனக்கு நீயே எழுதுகிற நோட்டில் எதற்கடா வேஷம்?

சனிக்கிழமை இரண்டாவது ஆட்டம். டிரா ஆனால்கூடப் போதும், கோப்பை எங்களுக்கு. ஜெயிப்பது தோற்பது கூடப் பெரிதில்லை. பதினாலு வயசாகிறது அவளுக்கு. என்னோடு தெருவில் நடந்தால் பத்தடி முன்னால் போவாள். அவள் வாயால் "எங்க அப்பா" என்று நான்கு பேர் கேட்கச் சொன்னாள். இப்போது போய்த் தலை சுற்றுகிறது என்று ஓரமாக உட்காருவதா? மாட்டேன். ஆட்டம் முடியட்டும். அப்புறம் டாக்டரைப் பார்க்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

மாட்டிக்கொண்டேன். நாளைக்குச் சொல்கிறேன். எழுதக் கூடாதாம்.

ஜூன் 20, வெள்ளி

(எழுதுவது மகள். சொல்வது அப்பா. இரண்டு நாளைக்குப் படிப்பு, எழுத்து, போன் எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வதை அப்படியே எழுத வேண்டுமாம். பார்க்கலாம்.)

நேற்று நான்காம் பக்கம் வரை போனோம். 'அடிபட்டவர் "நான் நன்றாக இருக்கிறேன்" என்று சொல்வதை மட்டும் நம்பி அவரை மறுபடி களத்தில் இறக்கக் கூடாது.' கடைசி பெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. "என் தலை சார். எனக்குத் தெரியாதா?" என்றான். நல்ல கேள்வி. எங்கள் தொழிலை வைத்துச் சொன்னேன். பழுதான லிப்டை நிறுத்தினால், 'பழுது — இயக்காதீர்கள்' என்று பலகை மாட்டுவோம். மாட்டின ஆள்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. லிப்ட் 'எனக்குச் சரியாயிடுச்சு, ஆளை ஏத்துங்க'ன்னு சொல்லுமா? அது பேசாது. வெளியில் நிற்கிறவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிரமாதமாகச் சொன்னேன். (சொன்னார். ஒத்துக்கொள்கிறேன்.)

அப்புறம், எழுதியவர் எதை வைத்து இதைச் சொல்கிறார் என்று கேட்டேன். பதில் சொன்னார்கள். மறுபடி கேட்டேனாம். மறுபடியும் சொன்னார்கள். வக்கீல் எழுந்து, "சார், இது மூணாவது தடவை" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. "முதல்ல அந்த லைட்டை அணைங்க!" என்று கத்தினேன். பிள்ளைகளிடம் கோபத்தில் கத்தியது கிடையாது. (வீட்டிலும் கிடையாது. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.)

அப்போது என் மகள் எழுந்தாள். சத்தியத்தை எல்லாம் காற்றில் விட்டுவிட்டு, "அப்பா" என்றாள். "சனிக்கிழமை நம்ம கோலை யார் போட்டாங்க?"

"பஸ் ஓட்டுநர்."

"அவருக்கு அன்னைக்கு டியூட்டிப்பா. அவர் மைதானத்துக்கே வரலை."

கடைசி பெஞ்சு மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான். தலைவலி இருக்கா சார்? டிக். வெளிச்சம்? டிக். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது? எட்டுப் பேரும் சேர்ந்து, டிக்! என் வாழ்நாளில் இப்படி ஒரு பரிசோதனைத் தாளில் நான் மாட்டியதில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன், சனிக்கிழமை கோல் கீப்பர் இல்லாம —"

வக்கீல் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "சார், லிப்ட் பேசாது சார்."

உட்கார்ந்துவிட்டேன். சொந்த வாயால் கட்டின கூண்டு. உள்ளே நானே.

அதோடு முடிந்ததா? கடைசி பெஞ்சு கேட்டான், "சார், உங்க தலை எதுல மோதிச்சு?" மாஸ்டர் தலையில் என்றேன். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் எட்டுப் பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கீழே மைதானத்தில் மாஸ்டர், மேகமூட்டமான நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காதைப் பொத்தியபடி விசில் ஊதிக்கொண்டிருந்தார்!

ஊர்வலமாகப் போனோம். "போங்கடா, எனக்கு ஒண்ணுமில்ல, இரும்பு" என்றார். அங்கே வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண், "மாஸ்டர், எங்களுக்கு இன்னைக்கு ரெண்டு தடவை வருகைப் பதிவு எடுத்தீங்க" என்றாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார். "எடுத்தேனா?" என்றார். குரலில் இரும்பு இல்லை.

மொழி ஆசிரியை இருவரையும் ஒரே காரில் ஏற்றி டாக்டரிடம் அனுப்பினார். பெரிய ஆபத்து இல்லை, ஆனால் மூளை அதிர்வுதான், இருவருக்கும். டாக்டர் சரி என்று சொல்லும் வரை ஆட்டம் கிடையாது, லிப்ட் வேலையும் கிடையாது. இது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டிருந்தால், என்று டாக்டர் ஆரம்பித்தார். சலூனிலிருந்து ஓடிவந்திருந்த மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவ்வளவுதான், நோட்டை மூடு.

(மூட மாட்டேன். எழுத இடம் தேடும்போது முன்பக்கங்களைப் பார்த்துவிட்டேன். பதினாலாம் தேதி இரண்டு தடவை இருக்கிறது. இரண்டிலும் கோல் போட்டவர் வேறு. அம்மாவிடம் காட்டினேன். அம்மா இரண்டையும் படித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பதினெட்டாம் தேதியையும் படித்தேன். அப்பா, தலை சரியானதும் இதைப் படித்துக்கொள்ளுங்கள். நான் 'அவர் எங்க அப்பா' என்று முதலில் சொன்னது சனிக்கிழமை இல்லை. வியாழக்கிழமையே சொல்லிவிட்டேன். நீங்கள் லிப்ட் பெட்டியைச் சொல்லிக் குதித்து, சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்தபோது.)

ஜூன் 22, ஞாயிறு

பத்து வரிக்கு அனுமதி. நேற்று கோப்பை போச்சு. ஒன்பதுக்கு ஒன்று.

எங்கள் கோல் கீப்பர் என் மனைவி! "நாள் பூரா நின்னுக்கிட்டேதானே வேலை பார்க்கறேன், அங்க வந்து நிக்க மாட்டேனா?" என்று சலூனைப் பூட்டிவிட்டு இறங்கினாள். நின்றாள். பந்து அவளைத் தாண்டித் தாண்டிப் போனது. ஒன்றை மட்டும் முதுகால் தடுத்தாள், அதுவும் யாரிடமோ பேசத் திரும்பியபோது.

நானும் மாஸ்டரும் ஒரே பெஞ்சில். கழுத்தில் ஆளுக்கொரு அட்டை: 'பழுது — இயக்காதீர்கள்.' மாட்டியது மகள். காவலுக்கு வக்கீல். எழுந்தாலே "சார்!" என்பாள். மாஸ்டர் முதலில் முறைத்தார். நாலாவது கோலில் சிரித்துவிட்டார். ஏழாவதில் திடீரென்று, "எத்தனை பிள்ளைங்களை 'எழுந்திரு, ஒண்ணுமில்ல, ஓடு'ன்னு விரட்டியிருக்கேன் சார்" என்றார். விரட்டியவர்களில் நானும் உண்டு. என் மகள் பள்ளி அணியில் ஆடும்போது கோட்டுக்கு வெளியே நின்று அப்படித்தான் கத்துவேன்.

பதினாலு வரி ஆகிவிட்டது. பிடுங்க வருகிறாள்.

ஜூன் 24, செவ்வாய்

வெள்ளிக்கிழமைப் பக்கத்தை இன்றுதான் படித்தேன். கண் கலங்குவது. பட்டியலில் இல்லாத அறிகுறி.

ஜூன் 26, வியாழன்

மூன்றாம் வகுப்பு. மாஸ்டர் கடைசி வரிசையில் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். 'நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா?' என்று கேட்டதும் முதலில் கை தூக்கியவர் அவர்தான். "முக்கியமான ஆட்டம், நல்ல ஆட்டக்காரி, வெளிய எடுத்தா தோத்துடுவோம். அப்பவுமா?"

யாரும் சிரிக்கவில்லை. முக்கால் மணி நேரம் பேசினார்கள். அவள் அழுவாள் என்றாள் ஒருத்தி. அழட்டும் என்றான் ஒருவன். அணியில் மற்றவர்கள் திட்டுவார்கள், அதுதான் கஷ்டம் என்றாள் என் மகள். கட்டுரையில் அதற்கு விடை இல்லை என்று வக்கீல் ஐந்து பக்கத்தையும் புரட்டிக் காட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கும் தெரியாது" என்றேன். மொழி ஆசிரியை வாசலில் நின்று தலையாட்டினார். விடை தெரியாமல் இருந்ததற்குப் பாராட்டு வாங்குவது இதுவே முதல் தடவை!

ஜூலை 3, வியாழன்

சரியாகிவிட்டது என்றார் டாக்டர். மகள் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டி, உடனே முறைப்படி கழற்றினாள். திங்கள் முதல் வேலை. மனைவி உச்சியைத் தடவிப் பார்த்து, "இப்ப ஒரே மண்டைதான்" என்றாள்.

ஜூலை 5, சனி

மகளின் அணிக்கு இன்று அரையிறுதி. நான் கோட்டுக்கு வெளியே. கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றுக்கு ஒன்று. இன்னும் பத்து நிமிஷம். எதிரணிப் பெண் அடித்த பந்து நேராக இவள் காதோரம். விழுந்தாள். மாஸ்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார், நான் ஒரு காலைக் கோட்டுக்குள் வைக்கிறேன். அதற்குள் அவளே எழுந்து உட்கார்ந்து, கையை உயரத் தூக்கிவிட்டாள். அணிப் பெண்கள், "நல்லாத்தானே இருக்க, எழுந்திருடி!" என்று சுற்றி நின்று கத்துகிறார்கள். கையை இறக்கவே இல்லை. மெதுவாக நடந்து வெளியே வந்தாள். அழவில்லை. "டாக்டர்கிட்ட போலாம்பா" என்றாள்.

போனோம். டாக்டர் என்னைப் பார்த்ததும், "மறுபடியும் நீங்களா?" என்றார். "இல்ல டாக்டர், இவ" என்றேன். விளக்கடித்துப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், கேள்வி கேட்டார். லேசான அதிர்வுதான். வீட்டில் ஓய்வு, கவனித்துக்கொள்ளுங்கள், வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே கூட்டி வாருங்கள், ஒரு வாரம் கழித்து வந்து காட்டிய பிறகுதான் ஆட்டம் பற்றிப் பேச்சு என்றார். "யாரு இவளை வெளிய எடுத்தது? நீங்களா?"

"நானே வந்தேன்" என்றாள் அவள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரிலிருந்த கண் பரிசோதனை எழுத்துகளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

தெருவில் அவள் பத்தடி முன்னால் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து, வழியெல்லாம் ஏதேதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். நானும் பைத்தியம் மாதிரி சிரித்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் மாஸ்டர் போன் செய்தார். முடிவைச் சொல்லத்தான் என்று நினைத்தேன். "பொண்ணு எப்படி இருக்கு?" என்றார். சாப்பிட்டாளா, தூங்குகிறாளா, வெளிச்சம் கூசுகிறதா, ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். "நாளைக்குக் காலையிலயும் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

யார் ஜெயித்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.